கொக்கி கடிக்காத தோட்டா

துப்பாக்கி என் மேசைக்கு வருவதற்கு முன்பே, ஜேக்கப் பொய் சொல்கிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். என் குணம் அப்படி. பால்காரன் சிரித்துக்கொண்டே வந்தால், இன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறான் என்று நினைப்பேன். "உன் கண்ணுக்கு எவன்தான்யா யோக்கியன்?" என்று என் மனைவி பவுனம்மாள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பாள். அப்படி யாரும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை என்பேன்.

திருவொற்றியூரில் கால்வாயை ஒட்டி இருந்த செம்புக் கம்பித் தொழிற்சாலையில் நான் பிட்டர். யுத்த காலத்தில் ஆவடி ராணுவ டிப்போவில் மூன்று வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவன் என்பதால், கம்பெனிக் காவல்காரர்களின் துப்பாக்கிகளும் என் தலையில்தான் விழுந்தன. மொத்தம் மூன்று. இரண்டு பழைய இரட்டைக் குழல். மூன்றாவது அமெரிக்கச் சரக்கு. நாங்கள் பம்ப் துப்பாக்கி என்போம். சுட்டதும் குழலுக்கு அடியில் இருக்கும் மரப்பிடியைப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டா பக்கவாட்டில் தெறித்து வெளியே விழும். பிடியை முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். கால்வாய்ப் பக்கத்து கேட்டில் நிற்பவனுக்கு அந்தத் துப்பாக்கிதான் கொடுப்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டில் நின்றவன் ஜேக்கப். ராயபுரத்துக்காரன். முப்பது வயதிருக்கும். ஆலைக்கு விடுமுறை, நல்ல மழை வேறு. மூன்று மணி வாக்கில் ஒரு படகு வந்து கரையில் முட்டியது. அதிலிருந்து நாலு பேர் இறங்கி, மதிலோரம் அடுக்கி வைத்திருந்த கம்பிச் சுருள்களில் ஆறைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஜேக்கப் உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபீஸ் மானேஜர் ரகுபதி அந்தத் துப்பாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கூடவே காகிதத்தில் சுற்றிய ஒரு காலித் தோட்டா.

"அவன் சொல்றதைக் கேளு, சுப்புராயன். ரூல்படி முதல் குண்டை ஆகாசத்துல சுட்டானாம். பிடியை இழுத்தா காலித் தோட்டா வெளியே வரலையாம், குழலுக்குள்ளயே சிக்கிக்கிச்சாம். அடுத்தது ஏறலை. அதனால சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருந்தானாம்."

"அப்ப இது எப்படி வெளியே வந்தது?"

"அவங்க போனப்புறம் குடைக்கம்பியை விட்டுக் குத்தி எடுத்தானாம்."

நான் சிரித்துவிட்டேன். ரகுபதி சிரிக்கவில்லை. ஜேக்கப்பை ராத்திரி முழுக்க கேட் அறையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள் என்றும், நாலு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றும் சொன்னார். துப்பாக்கியில் கோளாறு என்றால் அவன் வீட்டுக்குப் போவான். கோளாறு இல்லையென்றால் திருடர்களோடு கூட்டு என்று எழுதி அவனை ஒப்படைத்துவிடுவார்கள். "உன் ரிப்போர்ட்தான்" என்றார்.

எனக்கு ரிப்போர்ட்டே தேவைப்படவில்லை. போன மாதம்தான் ஜேக்கப் புது சைக்கிள் வாங்கினான். அவன் மச்சான் கால்வாயில் விறகுப் படகு ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை அவன் முறையும் இல்லை. வேறொருவனிடம் கேட்டு மாற்றி வாங்கிக்கொண்ட முறை. புது சைக்கிள், படகு, மாற்றி வாங்கிய முறை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்று நினைத்தேன்.

ஆனாலும் வேலையை முறையாகச் செய்ய வேண்டும். எந்தத் துப்பாக்கி மேசைக்கு வந்தாலும் முதலில் அதைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுவேன். ஆவடியில் பழகிய பழக்கம். அன்றும் அப்படியே கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டினேன். ஸ்டோரிலிருந்து பத்துத் தோட்டா வாங்கிக்கொண்டு, ஆலைக்குப் பின்னால் கடலைப் பார்த்த மணல்மேட்டுக்குப் போனேன். ரகுபதி வந்தார். இரண்டு ஆட்கள் ஜேக்கப்பை நடுவில் விட்டுக் கூட்டி வந்தார்கள்.

பத்தையும் சுட்டேன். பத்தும் வெளியே தெறித்தன. ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. மெதுவாக இழுத்துப் பார்த்தேன், வேகமாக இழுத்துப் பார்த்தேன், துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தும் பார்த்தேன். கடைசித் தோட்டா போய் ஜேக்கப்பின் காலடியிலேயே விழுந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணாத்தே, சுட்றதுக்கு மின்னாடி அத்தக் கய்விட்டியா?" என்று கேட்டான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "கய்வாம பின்ன? நீ எனக்கு வேல கத்துக் குட்க்கிறியா? இன்னாடா கேக்கற நீ?"

அவன் ரகுபதியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்து மென்று விழுங்கிவிட்டான். "ஒண்ணுமில்ல அண்ணாத்தே" என்றான். மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ரகுபதியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"துப்பாக்கி நன்றாக வேலை செய்கிறது. கோளாறு எதுவும் இல்லை. அப்படி எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்குப் போய்விட்டார்.

காலித் தோட்டாக்களைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். ரகுபதி காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த ஜேக்கப்பின் தோட்டாவையும் அதே டின்னில் எறிந்தேன். அதற்கு மேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. பட்டறைக்குத் திரும்பும்போது கேட் பக்கம் ஜேக்கப்பின் மனைவி ஹில்டா நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நேற்று சாயங்காலத்திலிருந்தே நிற்கிறாளாம். அவளையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன். காதில் இருப்பது புதுத் தோடா என்று பார்த்தேன். காதில் ஒன்றுமே இல்லை.

மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதத் தொடங்கினேன். பத்துத் தோட்டா வாங்கினால் பத்துக் காலித் தோட்டாவை ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜேக்கப்புடையதைத் தனியாக ரகுபதியிடம் கொடுக்க வேண்டும். டின்னைக் கவிழ்த்தேன். பதினொன்று. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே சிவப்புக் காகித உறை, ஒரே பித்தளை அடி. எது அவனுடையது என்று தெரியவில்லை. என் அவசரத்தை நானே திட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

வெடித்த தோட்டாவை வெளியே இழுப்பதற்கென்று துப்பாக்கிக்குள் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. நகத்தளவுதான். பித்தளை விளிம்பைக் கவ்விப் பிடித்து இழுக்கும். அப்படி இழுக்கும்போது விளிம்பில் ஒரு கீறல் விழும். பத்துத் தோட்டாவிலும் அந்தக் கீறல் ஒரே மாதிரி இருந்தது. பதினோராவதில் இல்லை. விளிம்பு மொழுமொழுவென்று புதுசாக இருந்தது. உறையின் உள்பக்கம் மட்டும் கம்பி குத்திக் கிழிந்திருந்தது.

கொக்கி அதைக் கடிக்கவே இல்லை என்று அர்த்தம். இழுத்தபோது கொக்கி வெறுமனே வந்திருக்கிறது, தோட்டா குழலிலேயே தங்கிவிட்டது. ஜேக்கப் சொன்னது அதைத்தான்.

நான் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. திருட்டுப் பயல் ஏதாவது செய்திருப்பான் என்று துப்பாக்கியை மறுபடி கழற்றினேன். கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பிடிக்காது; கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. கொக்கியின் முனை தேய்ந்திருந்தால் வழுக்கும். தேயவில்லை, அரம் பட்ட அடையாளமும் இல்லை. குழலின் உட்புறம் துரு ஏறியிருந்தால் தோட்டா ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியை விட்டு எடுத்தேன், துணி வெள்ளையாகவே வந்தது. கடற்காற்றில் காகிதத் தோட்டா ஊதிப்போவதுண்டு. ஜேக்கப்பின் பெல்ட்டில் மிச்சமிருந்த நாலையும் குழலில் போட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயின, கவிழ்த்ததும் கீழே விழுந்தன.

எல்லாம் சரியாக இருக்கிற துப்பாக்கி நேற்று மட்டும் ஏன் கடிக்கவில்லை? நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் இதற்கு நடந்தது ஒன்றே ஒன்றுதான். நான் கழுவியது.

மண்ணெண்ணெய்த் தட்டு மேசைக்கு அடியில் அப்படியே இருந்தது. மேலே நின்ற எண்ணெயை மெதுவாக வடித்தேன். அடியில் மஞ்சளாக ஒரு வண்டல். விரலால் தொட்டுத் தேய்த்தேன். நறநறவென்று இருந்தது. நடுநடுவே சிவப்புப் பொட்டுகள். மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறிச் சந்தன வாசனை வந்தது.

ஆயுத பூஜை முடிந்து அன்றைக்குப் பத்தாவது நாள்.

பட்டறையில் பூஜை செய்வது நான்தான். ஏழு வருஷமாக அப்படித்தான். மற்றவர்கள் இயந்திரத்தின் மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதாது. வேலை செய்கிற பாகத்துக்கு அல்லவா சந்தனம் வைக்க வேண்டும்? கடைசல் இயந்திரத்துக்கு அதன் பிடிவாயில் வைப்பேன். இந்தத் துப்பாக்கிக்கு மரப்பிடியைப் பின்னால் இழுத்து, உள்ளே தெரிகிற இரும்பு முகத்தில் மூன்று விரலால் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். குழைத்த சந்தனம் கொக்கியின் வாய்க்குள் போய் அடைந்திருக்கிறது. பத்து நாளில் காய்ந்து காரை மாதிரி இறுகிவிட்டது. கொக்கியின் வாய் நிறைந்திருந்தால் அது எதைக் கடிக்கும்?

சந்தேகத்துக்கு அப்போதும் ஒரு வழி விட்டேன். பூஜைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை நீர் விட்டுக் குழைத்து, அதே மாதிரி அப்பி, ஊதுவிளக்கைத் தள்ளிப் பிடித்துக் காய வைத்தேன். ஸ்டோரில் இன்னும் இரண்டு தோட்டா வாங்கிக்கொண்டு தனியாக மணல்மேட்டுக்குப் போனேன். சுட்டேன். மரப்பிடியை இழுத்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தால் பித்தளை அடி குழலுக்குள் பளபளவென்று தெரிந்தது.

மணி இரண்டரை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையை எழுதினால் ஆறு சுருளும் என்னால் போனதாகிவிடும். வேலை போகும். பூஜைச் சந்தனத்தைக் குறை சொன்னான் என்று பட்டறையில் ஒருவனும் என் முகத்தில் முழிக்க மாட்டான். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. தோட்டா நமுத்து ஊதிப்போய்ச் சிக்கிக்கொண்டது என்று எழுதிவிட்டால் என்ன? ஜேக்கப் ஜெயிலுக்குப் போக மாட்டான். தோட்டாவை ஈரம் படாமல் வைத்துக்கொள்வது காவல்காரன் பொறுப்பு என்பதால் வேலை மட்டும் போகும். ஜெயிலுக்குப் போவதைவிட வேலை போவது பரவாயில்லையே என்று என் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தும் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. காலையில் அவன் ஏன் துப்பாக்கியைக் கழுவினேனா என்று கேட்டான்? தெரிந்தே கேட்டானா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? இதில் ஏதோ இருக்கிறது என்று கேட் அறைக்குப் போனேன். காவலுக்கு நின்ற ஆளை வெளியே அனுப்பினேன். ஜேக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஹில்டா கொண்டுவந்த சோற்றுத் தூக்கு திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

"உள்ளே சந்தனம் இருந்தது உனக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் அண்ணாத்தே. தோட்டா போடற நேரத்துல பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்டா தொடைக்கல?"

"போன வருசம் தொடைச்சேனே."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. போன வருஷம் பூஜைக்கு மறுநாள் ஜேக்கப் இதே துப்பாக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஷிப்டு மாறுகிற நேரத்தில், இருபது பேர் முன்னால் அவனை நிற்க வைத்துக் கத்தினேன். எங்க சாமிக்கு வெச்சத அழிக்க நீ யாருடா, உன் கோயிலுக்கு வந்து நான் மெழுவத்திய ஊதி அணைக்கட்டுமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை. அவன் கைகட்டி நின்று, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"காலைல வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்றது? உங்க சாமி சந்தனத்தாலதான் சுருளு போச்சின்னு நான் சொல்லணுமா? மானேஜர் நிக்கிறாரு, நீ நிக்கிற. திருடன்னு சொல்றாங்க, அது ஒரு பேஜாரு. இத்தயும் சொல்லிட்டு நான் இங்க வேல செய்ய முடியுமா?" அவன் சோற்றுத் தூக்கைத் தள்ளி வைத்தான். "அதுவும் நீ கய்விட்ட. இனிமே சொன்னா எவன் நம்புவான்? நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

மூன்றரை மணிக்கு ரகுபதியின் மேசை மேல் ரிப்போர்ட்டை வைத்தேன். உண்மையைத்தான் எழுதியிருந்தேன். கூடவே பன்னிரண்டு தோட்டாக்கள்: கீறல் விழுந்தவை பத்து, கீறல் இல்லாதவை இரண்டு. ரகுபதி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜேக்கப்பைக் கூட்டி வரச் சொன்னார்.

"சந்தனம் வெச்சது யாரு?"

"நான்தான் சார்."

"மத்த ரெண்டு துப்பாக்கிக்கும் இப்படி உள்ளே வெச்சியா?"

"இல்லை சார். அதை மடக்கித் திறக்கணும். மேலதான் வெச்சேன்."

"ஆக, கால்வாய் கேட்டுக்குப் போற துப்பாக்கிக்கு மட்டும் உள்ளே. கொக்கியில. துப்பாக்கி பழுது பாக்கத் தெரிஞ்சவன் வெச்சிருக்கான்." அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "போலீஸ் வர்றதுக்குள்ளே அதைக் கழுவியும் விட்டிருக்கான். நேத்து மூணு மணிக்கு நீ எங்கே இருந்தே, சுப்புராயன்?"

வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். பவுனம்மாள் காலடிப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மழை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அதைச் சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. ரகுபதியின் இடத்தில் நான் இருந்தால் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டேன்.

ரகுபதி ஜேக்கப் பக்கம் திரும்பினார். "நீ போகலாம். உன் மேலே எதுவும் இல்லை. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போ. இவன் இதை வேணும்னு செஞ்சிருப்பானா?"

ஜேக்கப் என்னைப் பார்த்தான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், "யாருக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருப்பேன். அது பொய்யும் ஆகாது.

"இல்ல சார்" என்றான். "வாயிதான் கலீஜு. கையி சுத்தம். அவரு சாமிக்கின்னு வெச்சது அது. சப்-இன்ஸ்பெக்டரு கேட்டாலும் நான் இதத்தான் சொல்லுவேன்."

சப்-இன்ஸ்பெக்டர் வந்து அவனைக் கேட்டார். அவன் அதையேதான் சொன்னான். பாதிக்கப்பட்டவனே இப்படிச் சொல்கிறான் என்பதால் அவர் என்னை ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டு, படகைத் தேடுவதாகச் சொல்லிப் புறப்பட்டார். ரகுபதி எனக்குப் பதினைந்து நாள் சம்பளத்தை வெட்டினார். வேலை தப்பியது.

வெளியே வந்ததும் ஜேக்கப்பிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இன்னாத்துக்குடா அப்படிச் சொன்ன? என் கையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அவன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னான். "ஒண்ணும் தெரியாது அண்ணாத்தே. ஹில்டா நேத்துலேர்ந்து இந்தக் கேட்டாண்ட நின்னுகினு கீது. ராத்திரி பூரா ஜன்னல்ல அத்தப் பாத்துகினே இருந்தேன். நாளைக்கு உன் சம்சாரம் வந்து இதே எடத்துல நிக்கும். அத நான் பாக்கணுமா?"

அவனோடு கேட்வரை நடந்தேன். ஹில்டா அவனைக் கண்டதும் ஓடி வந்தாள். அவன் பின்னால் நான் வருவதைப் பார்த்தாள். அப்படியே நின்று, குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு, என் பக்கம் இல்லாத இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.